வீட்டினுள் வெப்பமண்டல இலைச் செடிகள்: வளர்ப்பும் பராமரிப்பும்

கோதாவரி ஆற்றின் கழிமுகச் சமவெளியில், ஆந்திரப் பிரதேசத்தின் ராஜமகேந்திரவரம் நகருக்கு அருகே, கடியம் என்னும் ஊர் அமைந்துள்ளது. கடியமும், அதனையடுத்த கடியபுலங்காவும், சுற்றியுள்ள சிற்றூர்களும் நாற்றுப் பண்ணைகளுக்கு நாடெங்கும் பெயர் பெற்றவை. வண்டல் மண், கால்வாய் நீர், கடற்கரையை ஒட்டிய பகுதிக்குரிய ஈரக் காற்று ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன. நெடுஞ்சாலையின் மருங்குகளில் நிழல்வலைப் பந்தல்களின் கீழ் வளரும் செடிகள் லாரிகளில் ஏற்றப்பட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள நகரங்களைச் சென்றடைகின்றன.

அப்பயணத்தின் முடிவில், தில்லியிலோ நாகபுரியிலோ ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் இடம்பெறும் செடிகளில் பல, சில மாதங்களிலேயே பட்டுப்போகின்றன. அவை கவனிப்பின்றி மடிந்தன என்று பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. அன்றாடம் தவறாமல் நீர் ஊற்றப்பட்ட காரணத்தாலேயே மடியும் வீட்டுச் செடிகள் மிகப் பல. குறைவது அக்கறையன்று, அக்கறையை எங்கே, எந்த அளவில் செலுத்த வேண்டும் என்னும் அறிவேயாகும்.

இதனைச் சிறிய செய்தி என்று ஒதுக்கிவிட இயலாது. செடி பட்டுப்போகும்போது அதனை வாங்கிய குடும்பம் பணத்தை மட்டுமின்றி, தம் கையால் ஒன்றை வளர்க்கலாம் என்ற நம்பிக்கையையும் இழக்கிறது. இருமுறை தோற்றவர் மூன்றாம் முறை செடி வாங்குவதில்லை. அந்த இழப்பு நாற்றுப் பண்ணையில் தொட்டியில் மண் நிரப்பி, தண்டு நறுக்கி, நீர் தெளித்து வாழும் உழைப்பாளியையும் சென்று தாக்குகிறது. ஆகவே இச்செடிகளின் இயல்பையும் அவை வேண்டும் சூழ்நிலையையும் முறையாக அறிந்துகொள்வது வளர்ப்போருக்கும், தோட்டக்கலை பயிலும் மாணவருக்கும், அலுவலகங்களில் செடிகளைப் பேணும் பொறுப்புடையோருக்கும் பயன் தரும்.

எவை இச்செடிகள்?

மலருக்காகவன்றி, இலையின் வடிவம், நிறம், வரிகள் ஆகியவற்றுக்காக வளர்க்கப்படுபவை இலை அழகுச் செடிகள் எனப்படும். இந்திய வீடுகளில் காணப்படும் இவ்வகைச் செடிகளுள் பெரும்பாலானவை வெளிநாட்டு வெப்பமண்டலக் காடுகளைத் தாயகமாகக் கொண்டவை. மணி பிளான்ட் பசிபிக் பெருங்கடலிலுள்ள மூரியா தீவிலிருந்து பரவியது. ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, டிஃபன்பாக்கியா, கலேடியம், மராண்டா ஆகியவை வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தவை. அக்லோனிமாவும் குரோட்டனும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் அதனையடுத்த தீவுகளுக்கும் உரியவை. பாம்புச்செடி எனப்படும் சான்சிவேரியா மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அரிகா பாம் என்று விற்கப்படும் பனை மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. பெயர் ஒத்திருப்பினும் அது பாக்கு மரம் அன்று.

எனினும் எல்லாம் அயல்நாட்டவை அல்ல. பளபளக்கும் அகன்ற இலைகளையுடைய ரப்பர் செடி இந்தியாவின் வடகிழக்குப் பகுதிக்கே உரியது. மேகாலயத்தின் காசி, ஜயந்தியா மலைமக்கள் ஓடைகளின் மீது உயிருள்ள பாலங்களாக வளர்த்தெடுப்பது இம்மரத்தின் விழுதுகளையே. ரப்பர் பால் எடுக்கும் தோட்டப்பயிரான மரம் வேறு, இது வேறு. பாம்புச்செடியின் நெருங்கிய உறவான மருள் இந்திய நிலத்தில் தானே வளர்வது. அதன் நார் முற்காலத்தில் வில்லின் நாண் திரிக்கப் பயன்பட்டது.

இச்செடிகள் கண்டம் விட்டுக் கண்டம் பரவியதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த ஒரு மாற்றம் துணைபுரிந்தது. லண்டனைச் சேர்ந்த மருத்துவர் நத்தானியல் வார்டு, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் நெடுநாள் வாழும் என்பதைக் கண்டறிந்தார். 1833-இல் அத்தகைய பெட்டிகள் கப்பலேறி ஆஸ்திரேலியாவை அடைந்தன. அதன்பின் கடல் உப்புக் காற்றுக்கு அஞ்சாமல் உயிருள்ள செடிகளை அனுப்ப வழி பிறந்தது. இந்தியாவில் 1787-இல் ஹௌராவின் சிப்பூரில் நிறுவப்பட்ட தாவரவியல் தோட்டமும், 1820-இல் கல்கத்தாவில் வில்லியம் கேரி தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கமும் வெளிநாட்டுத் தாவரங்களை ஈண்டு அறிமுகப்படுத்துவதில் பெரும் பங்காற்றின.

தாயகம் எதுவாயினும் இவற்றுள் பலவற்றுக்கு ஒரு பொதுப் பண்பு உண்டு. உயர்ந்த மரங்களின் அடியில், நிழலில் வளரும் பழக்கமுடையவை இவை. அடர்ந்த மழைக்காட்டின் தரையை வந்தடையும் ஒளி, மேலே விழும் ஒளியில் நூற்றுக்கு ஓரிரு பங்கே ஆகும். அக்குறைந்த ஒளியைக் கொண்டு வாழப் பழகியதனாலேயே இவை வீட்டினுள்ளும் வாழ்கின்றன. இவ்வுண்மையிலிருந்தே பராமரிப்பு விதிகள் அனைத்தும் பிறக்கின்றன.

ஒளி: செடியின் வருவாய்

ஒரு குடும்பத்தின் வரவு செலவுத் திட்டத்தோடு செடியின் வாழ்வை ஒப்பிட்டுக் காணலாம். ஒளியே செடியின் வருவாய். இலை அந்த ஒளியைக் கொண்டு காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் தரும் நீரையும் சர்க்கரையாக மாற்றுகிறது. செடியின் வளர்ச்சி முழுவதும் இவ்வருவாயிலிருந்தே நடைபெறுகிறது. நீரும் உரமும் இதற்கு மாற்றாக மாட்டா. வருவாய் சுருங்கிய இடத்தில் நீரையும் உரத்தையும் கூட்டுவது, விற்பனை இல்லாத கடையில் சரக்கைக் குவிப்பதற்கு ஒப்பாகும்.

ஒளியின் அளவை மனிதக் கண் சரியாகக் கணிப்பதில்லை. கோடை நண்பகலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் அளவுக்கு ஒளி உள்ளது. சன்னலை ஒட்டிய இடத்தில் அது சில ஆயிரமாகக் குறைகிறது. அறையின் நடுவே சில நூறு லக்ஸ் மட்டுமே எஞ்சுகிறது. கண்ணின் பாவை விரிந்து சரிசெய்துகொள்வதால் மனிதருக்கு அறை வெளிச்சமாகவே தோன்றுகிறது. செடிக்கோ அது பஞ்ச காலம்.

கருவியின்றி ஒளியை மதிப்பிட எளிய வழி ஒன்று உண்டு. நண்பகலில் செடி வைக்கவிருக்கும் இடத்தில் வெள்ளைத்தாளை விரித்து, அதற்கு ஒரு முழ உயரத்தில் கையை நீட்ட வேண்டும். கையின் நிழல் கூர்மையான விளிம்புடன் விழுந்தால் ஒளி மிகுதி. அங்கே குரோட்டன் வைக்கலாம். நிழல் மங்கலாக, ஆயினும் கையின் வடிவம் தெரியும்படி விழுந்தால் மான்ஸ்டெரா, ஃபிலோடென்ட்ரான், டிஃபன்பாக்கியா, அரிகா பாம் ஆகியவற்றுக்கு ஏற்றது. நிழலே புலப்படாவிடில் பாம்புச்செடி, அக்லோனிமா, மணி பிளான்ட் ஆகிய மூன்றும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அங்கும் அவை வாழுமேயன்றிச் செழிப்பதில்லை.

சன்னல் நோக்கும் திசையும் கருதத்தக்கது. கிழக்குச் சன்னலின் காலை வெயில் மென்மையானது; பெரும்பாலான இலைச் செடிகளுக்கு உகந்தது. மேற்குச் சன்னலின் பிற்பகல் வெயில் கோடையில் இலையைக் கருக்கிவிடும். மெல்லிய திரை அங்கே தேவை. தெற்குச் சன்னலின் தன்மை ஊருக்கு ஊர் வேறுபடும். தில்லியில் குளிர்காலச் சூரியன் தாழ்ந்து செல்வதால் தெற்குச் சன்னல் வழியே வெயில் அறைக்குள் நெடுந்தூரம் புகுகிறது. சூன் மாத நண்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சியில் நிற்பதால் அதே சன்னலில் நேர் வெயில் மிகக் குறைவு. சென்னையிலோ ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே செல்வதால், வடக்குச் சன்னலும் வெயிலைப் பெறுகிறது. ஒரு நகரத்தில் கற்ற பாடத்தை மாற்றலாகிச் சென்ற மற்றொரு நகரத்தில் அப்படியே கடைப்பிடிப்பது பிழையாகலாம்.

வெண்மை அல்லது மஞ்சள் வரிகளையுடைய இலைகளில் அந்நிறப் பகுதிகளில் பச்சையம் மிகக் குறைவு. எனவே ஒரே இனத்தில் வரியுள்ள வகைக்கு, முழுப் பச்சை வகையைவிட மிகுதியான ஒளி தேவை. இருளான மூலையில் வைத்த மணி பிளான்டின் புதிய இலைகள் வரியிழந்து பச்சையாக வருவது இதனாலேயாகும்.

பண்ணையின் நிழல்வலைக்குள் வளர்ந்த செடியை நேராக அறையின் மூலைக்குக் கொண்டுசெல்வது, அதன் வருவாயைத் திடீரெனப் பன்மடங்கு குறைப்பதாகும். புதிதாக வாங்கிய ரப்பர் செடியோ குரோட்டனோ இலையுதிர்ப்பது பெரும்பாலும் நோயன்று, இம்மாற்றத்தின் விளைவு. முதல் இரண்டு, மூன்று வாரங்கள் நல்ல ஒளியுள்ள தாழ்வாரத்திலோ சன்னலருகிலோ வைத்து, பின்னர்ப் படிப்படியாக உள்ளே நகர்த்த வேண்டும்.

நீர்: வருவாய்க்கேற்ற செலவு

வீட்டினுள் மடியும் செடிகளைப் பற்றி ஆராயின், முதற்காரணம் மிகை நீராகவே இருக்கும். வேர்களும் சுவாசிப்பவை. மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றே அவற்றுக்கு உயிர்வளி தருகிறது. மண் எப்போதும் நனைந்திருந்தால் அவ்விடைவெளிகளில் நீர் நிறைந்து, காற்று வெளியேறிவிடும். வேர் மூச்சற்று அழுகும். அழுகலை உண்டாக்கும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் பெருகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடுகிறது. வாட்டத்தைக் கண்டவர் தாகம் என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுகிறார். அத்துடன் செடியின் கதை முடிகிறது.

எனவே நாள் கணக்கு வைத்து நீர் ஊற்றலாகாது. விரலை ஓர் அங்குல ஆழம் மண்ணில் செலுத்திப் பார்த்து, அங்கே ஈரம் உலர்ந்த பின்னரே ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அடித்துளை வழியே நீர் வெளிவரும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதை அரைமணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். சிறு தொட்டிகளைக் கையால் தூக்கிப் பார்த்தே நீரின் தேவையை அறியலாம். உலர்ந்த தொட்டியின் எடை குறைவு. பாம்புச்செடிக்கு மண் முழுவதும் உலர்ந்த பின்பே நீர் தேவை. இருளான அறையிலுள்ள செடி, சன்னலருகிலுள்ள அதே இனச் செடியைவிட மிகக் குறைந்த நீரையே செலவிடுகிறது. வட இந்தியக் குளிர்காலத்தில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுவதால், கோடையில் ஊற்றியதைப் போல மார்கழியில் ஊற்றுவது செடியைக் கொல்லும்.

நீரின் தரமும் முக்கியமானது. ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்புகள் தொட்டி மண்ணில் படிந்து இலை நுனியைக் கருகச் செய்யும். குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் கழிக்கும் நீரைச் சிக்கனம் கருதிப் பல இல்லங்களில் செடிகளுக்கு ஊற்றுகின்றனர். மூல நீரிலிருந்த உப்புகள் திரண்டு சேர்ந்திருப்பது அக்கழிவு நீரில்தான். தரை கழுவுவதற்கு அது ஏற்றது. தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்ற ஏற்றதன்று. மழைநீர் மிகச் சிறந்தது. குளிர்சாதன இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரிலும் உப்பு மிகக் குறைவாதலால் அழகுச் செடிகளுக்குப் பயன்படுத்தலாம்.

மண்ணும் தொட்டியும்

தோட்டத்து மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பினால் சில வாரங்களில் அது இறுகிவிடும். செம்மண், ஆற்றுமணல், மக்கிய இலைத்தூள் ஆகிய மூன்றையும் சம அளவில் கலப்பது நெடுநாளைய முறை. தற்போது மணலுக்கும் இலைமக்குக்கும் துணையாகத் தென்னை நார்க்கழிவு மிகுதியாகப் பயன்படுகிறது. கயிறு திரிக்கும் தொழிலில் ஒருகாலத்தில் சாலையோரம் மலைபோல் குவிந்து கிடந்த பொருள் இது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைத் தாங்கும் ஆற்றலும், காற்றோட்டம் தரும் தன்மையும் உடையதாதலால், இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. எனினும் அதில் உப்புத் தங்கியிருக்கக்கூடும். இரண்டு, மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே கலவையில் சேர்க்க வேண்டும். அதில் ஊட்டம் மிகக் குறைவு. மண்புழு உரத்துடன் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

சுட்ட மண் தொட்டியின் பக்கங்கள் வழியே நீர் ஆவியாவதால் மிகை நீரின் தீங்கு குறைகிறது. பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தை நெடுநேரம் தாங்கும். அன்றாடம் நீர் ஊற்றும் பழக்கத்தை விட இயலாதவருக்கு மண் தொட்டியும், வெளியூர்ப் பயணம் மிகுதியாக உடையவருக்குப் பிளாஸ்டிக் தொட்டியும் பொருந்தும். எதுவாயினும் அடித்துளை இன்றியமையாதது. செடி வளர்ந்து வேர் துளை வழியே வெளிவரும்போது, முந்தையதைவிட இரண்டு அங்குலம் மட்டுமே அகன்ற தொட்டிக்கு மாற்ற வேண்டும். பெரிய தொட்டியில் சிறு செடியை நட்டால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகல் தொடங்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலம் நாட்டின் பெரும் பகுதியில் தொட்டி மாற்ற ஏற்ற பருவம்.

வெப்பமும் காற்றின் ஈரமும்

இச்செடிகளின் தாயகங்களில் காற்று ஆண்டின் பெரும்பகுதியில் ஈரம் மிக்கது. கடற்கரை நகரங்களான மும்பை, கொச்சி, சென்னை ஆகியவற்றில் இதனை ஈடுசெய்யத் தனி முயற்சி தேவையில்லை. வட இந்தியச் சமவெளியின் நிலை வேறு. மே மாதப் பிற்பகலில் வீசும் அனற்காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு இருபதுக்கும் கீழே இறங்குவதுண்டு. அப்போது மராண்டா போன்ற மெல்லிலைச் செடிகளின் விளிம்புகள் காய்ந்து சுருளும்.

இலையின்மீது நீர் தெளிப்பதால் விளையும் பயன் சில நிமிடங்களே நீடிக்கும். செடிகளை நெருக்கி ஒரே குழுவாக வைப்பது இதனினும் பயனுள்ளது. ஒன்றின் இலை வெளிவிடும் ஈரம் மற்றொன்றுக்கு உதவுகிறது. வட இந்திய வீடுகளில் பயன்படும் நீர்க் குளிர்விப்பான் காற்றின் ஈரத்தைக் கூட்டுவதால், அதன் காற்று நேரே படாத அண்மையிடம் செடிக்கு நன்று. குளிர்சாதன இயந்திரமோ காற்றை உலர்த்துவது. அதன் வாய்க்கு எதிரே எச்செடியையும் வைத்தலாகாது. சனவரியில் தில்லி, லக்னோ, பட்னா போன்ற நகரங்களில் இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது அக்லோனிமாவும் டிஃபன்பாக்கியாவும் எளிதில் பாதிக்கப்படும். மாடத்திலுள்ள செடிகளை நவம்பர் இறுதியிலேயே உள்ளே எடுத்துவிட வேண்டும்.

உரமும் பூச்சிக் கட்டுப்பாடும்

குறைந்த ஒளியில் மெல்ல வளரும் செடிக்கு உரத்தின் தேவையும் குறைவே. வளர்ச்சிப் பருவத்தில் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம், அல்லது நீரில் கரையும் கலப்பு உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் மாதம் ஒருமுறை இட்டால் போதும். குளிர்காலத்தில் உரம் வேண்டா. வாடிய செடிக்கு உரம் இடுவது நோயாளிக்கு விருந்து வைப்பது போன்றது.

வீட்டுச் செடிகளைத் தாக்குபவை பெரும்பாலும் மாவுப்பூச்சி, செதிற்பூச்சி, சிலந்திப்பேன் ஆகிய மூன்றே. வறண்ட வெப்பத்தில் சிலந்திப்பேன் பெருகி, இலையில் வெளிறிய புள்ளிகளையும் நுண்ணிய வலையையும் உண்டாக்கும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் இலையின் இருபுறமும் துடைப்பதே முதற் பாதுகாப்பு. தூசி நீங்குவதால் ஒளியும் கூடுதலாகக் கிடைக்கிறது. பூச்சி காணப்படின், லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி திரவ சோப்பும் கலந்து மாலையில் தெளிக்கலாம். புதிதாக வாங்கிய செடியை இரண்டு வாரம் தனியே வைத்துக் கவனித்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

பெருக்கும் முறை

மணி பிளான்ட் இயல்பாகப் பூப்பதே இல்லை எனலாம். மலர்ச்சிக்குத் தேவையான கிப்பரலின் என்னும் வளர்ச்சிப் பொருளை உருவாக்கும் மரபணு அதில் செயற்படாமையே காரணம் என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. பூவும் விதையும் இல்லாத இச்செடி உலகெங்கும் பரவியது மனிதர் கையால் நறுக்கப்பட்ட தண்டுத் துண்டுகளின் மூலமாகவே. பிறர் வீட்டிலிருந்து சொல்லாமல் எடுத்து நட்டால்தான் மணி பிளான்ட் செழிக்கும் என்ற நம்பிக்கை பல ஊர்களில் உண்டு. கேட்டுப் பெற்ற துண்டும் அதே போல் வளரும் என்பதில் ஐயமில்லை.

இலைக்காம்பு சேருமிடமாகிய கணுவே வேர் விடும் இடம். இரண்டு அல்லது மூன்று கணுக்களுடைய துண்டை நறுக்கி, கீழ்க்கணு நீரில் மூழ்குமாறு வைத்தால் இரண்டு, மூன்று வாரங்களில் வேர் தோன்றும். ஃபிலோடென்ட்ரானும் இவ்வாறே. ரப்பர் செடியைக் காற்றுப் பதியன் முறையிலும், அக்லோனிமாவைப் பக்கக் கன்றுகளைப் பிரித்தும் பெருக்கலாம். பாம்புச்செடியின் இலைத் துண்டும் மண்ணில் வேர்விடும். ஆயின் மஞ்சள் விளிம்புடைய வகையை இலைத் துண்டால் பெருக்கினால், பிறக்கும் கன்று விளிம்பு நிறத்தை இழந்து முழுப் பச்சையாகவே வரும். நிறம் வேண்டுமாயின் கிழங்கோடு பிரித்து நட வேண்டும்.

ஒரு செடி வாங்கிய குடும்பம் இரண்டாண்டுகளில் பத்து வீடுகளுக்குக் கன்று வழங்க இயலும். இதனால் நாற்றுப் பண்ணையின் வணிகம் குறையும் என்று அஞ்சத் தேவையில்லை. கன்று பெற்று வளர்த்து வெற்றி கண்டவரே பின்னர்ப் புதிய இனங்களை நாடி விலைகொடுத்து வாங்குகிறார்.

தூய காற்று என்னும் கூற்று

செடிகள் அறையின் காற்றைத் தூய்மையாக்கும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்வே இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அவ்வாய்வு முற்றிலும் மூடிய சிறு அறைகளில் நிகழ்த்தப்பட்டது. சாதாரண வீட்டின் சன்னல், கதவு வழியே காற்று ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. இத்தகைய பல ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்கே கணக்கிட்டு 2019-இல் வெளியான ஆய்வுரை, காற்றோட்டத்தால் இயல்பாக நிகழும் தூய்மைக்கு ஈடாக வேண்டுமாயின் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது பத்துச் செடிகளாவது தேவை என்று காட்டியது. ஆகவே காற்று மாசுக்கு மாற்றாகச் செடி வாங்குவது பொருளற்றது. இரவில் அறையிலுள்ள செடி தீங்கு செய்யும் என்ற அச்சமும் அவ்வாறே ஆதாரமற்றது. ஒரு செடி வெளிவிடும் கரியமில வாயு, அங்கே உறங்கும் மனிதர் வெளிவிடுவதோடு ஒப்பிட மிகச் சிறிது. கண்ணுக்குக் குளிர்ச்சியும், குழந்தைகளுக்கு உயிரைப் பேணும் பயிற்சியும் செடி தரும் மெய்யான பயன்கள். அவையே போதுமானவை.

பொதுநலம் சார்ந்த எச்சரிக்கைகள்

முதலாவது, கொசு. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டினுள் தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. தொட்டியடித் தட்டும் மணி பிளான்ட் வைத்த கண்ணாடிக் குப்பியும் அதற்கு உகந்த இடங்கள். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகுமாதலால், வாரம் ஒருநாள் நீரைக் கொட்டி உலர்த்த வேண்டும். முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதங்கள் உயிருடனிருக்கும். ஆகவே உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது.

இரண்டாவது, நச்சுத்தன்மை. டிஃபன்பாக்கியா, மணி பிளான்ட், ஃபிலோடென்ட்ரான், கலேடியம் முதலியவற்றின் சாற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் எட்டாத உயரத்தில் இவற்றை வைக்க வேண்டும்; நறுக்கிய பின் கையைக் கழுவ வேண்டும்.

மூன்றாவது, வேண்டாத பரவல். அழகுச் செடியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி இன்று காடுகளின் பெரும்பரப்பை அடைத்துக்கொண்டுள்ளது. மலரின் அழகுக்காகப் போற்றப்பட்ட ஆகாயத்தாமரை ஏரிகளையும் கால்வாய்களையும் மூடியுள்ளது. நறுக்கிய தண்டுகளை நீர்நிலையிலோ காட்டோரத்திலோ எறியாமல் மக்கவைத்துவிட வேண்டும்.

நான்காவது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவருதல். அரிய வகைச் செடிகள்மீது எழுந்துள்ள மோகத்தால் பயணப் பெட்டியில் மறைத்துச் செடி கொண்டுவருவோர் உளர். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இன்றி அவ்வாறு கொண்டுவருதல் கூடாது. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த சுருள் வெள்ளை ஈ 2016-இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பின்னர்த் தென் மாநிலங்கள் பலவற்றிலும் பரவியது. அழகுச் செடிகள் பலவற்றிலும் வாழக்கூடிய பூச்சி அது. ஒருவர் கூடத்தை அழகு செய்யும் செடி, மற்றொருவர் தோப்பின் வாழ்வாதாரத்தைக் கெடுக்கும் வாயில் ஆகிவிடக் கூடாது.

அலுவலகங்களில்

அலுவலக நடைக்கூடங்களில் வைக்கப்படும் செடிகளுக்கு இவ்விதிகள் யாவும் பொருந்தும். மின்விளக்கு மட்டுமே எரியும் கூடத்தில் வைத்து, நாள்தோறும் நீர் ஊற்றி, வாடியபின் புதியது வாங்குவது வீண் செலவாகும். ஒவ்வோர் இடத்திற்கும் இரு தொகுதிச் செடிகளை வைத்துக்கொண்டு, ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றொன்றை நிழலுள்ள முற்றத்தில் தேற விட்டு, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மாற்றினால், அதே செடிகள் ஆண்டுக்கணக்கில் நிற்கும். நீர் ஊற்றும் பணியாளருக்கு, ஊற்றுமாறு மட்டும் கட்டளையிடாமல், மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றாமலிருக்கும் உரிமையையும் வழங்க வேண்டும். உலராத தொட்டிக்கு நீர் ஊற்றவில்லை என்பது கடமை தவறியதாகக் கருதப்படும் வரை, அங்கே செடிகள் மடிந்துகொண்டே இருக்கும்.

இடத்தின் ஒளியை முதலில் மதிப்பிடுதல், அதற்குத் தக்க செடியைத் தேர்ந்தெடுத்தல், ஒளிக்குத் தக்க நீர் ஊற்றுதல் என்னும் வரிசையில் செயல்படுவோருக்குத் தோல்வி அரிது. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, அழகைக் கண்டு வாங்கி, இடம் கிடைத்த மூலையில் வைத்து, அன்றாடம் நீர் ஊற்றுவதே பொதுவான வழக்கமாக உள்ளது. கடியத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு செடியோடும் அதற்கு வேண்டிய ஒளியையும் நீரையும் குறித்த ஒரு சிறு சீட்டு, வாங்குவோரின் மொழியிலேயே இணைக்கப்படுமாயின், அச்செலவு மிகச் சிறிது. அதனால் பிழைக்கும் செடிகளும், நிலைபெறும் பண்ணைத் தொழிலும் அச்செலவைப் பன்மடங்காகத் திருப்பித் தரும்.